கம்ப்யூட்டருக்கு வழிகாட்டிய ரெயில் என்ஜினீயரின் பேரன்

சென்னையை அடுத்த அண்ணனூரில் மின்சார ரெயில் பணிமனை இருக்கிறது. அந்த ஊர் வழியாகச் செல்லும் ரெயில் பாதை மிகவும் பழமையானது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு இந்தத் தடத்தில்தான் ஓடியது.

அந்த ரெயிலை விட்டது, மதராஸ் ரெயில்வே கம்பெனி. பின்னாளில் அந்தக் கம்பெனியின் தலைமை என்ஜினீயராக இருந்தவர், எட்வர்டு ஸ்டோனி. அவருடைய பேரன் ஒரு கணித மேதை. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் கம்ப்யூட்டருக்கு அடிப்படையான யோசனையைச் சொன்னவர் அவர்தான்.

அவர் பெயர், ஆலன் டூரிங்.

தாயைப் பிரிந்த குழந்தை

ஸ்டோனியின் மகள் எதெல், 1881-ம் ஆண்டு கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தார். அவருடைய கணவர் ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான், குன்னூரில் பிறந்தான். இளைய மகன் ஆலன் லண்டனில் பிறந்தான். பிறந்த நாள், 1912-ம் ஆண்டு ஜூன் 23.

தந்தைக்கு வேலை இந்தியாவில். ஆகவே பெற்றோர் இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அப்போது ஆலனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. தாயார் எப்போதாவது வந்தால்தான் உண்டு.

சிறு வயதிலேயே ஆலன் நெஞ்சுறுதி மிக்கவன். 1926-ம் ஆண்டு, புதிய பள்ளிக்கூடத்தில் சேரப் புறப்பட்டான். அந்தச் சமயம் நாடெங்கும் வேலைநிறுத்தம். ரெயில் ஓடவில்லை. 13 வயதுச் சிறுவன் என்ன செய்தான் தெரியுமா? சைக்கிளில் ஏறினான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கினான். சுமார் 60 மைல் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான்!

ஒரே எந்திரம், பல வேலை

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த டூரிங், 1936-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு கற்பனை எந்திரத்தை விளக்கினார்.

நீண்ட காகித நாடா. அதில் கட்டம் கட்டமாகக் குறிகள். எந்திரம் ஒரு கட்டத்தைப் படிக்கும், அழிக்கும், எழுதும், அடுத்த கட்டத்துக்கு நகரும். செய்ய வேண்டிய வேலைக்கான கட்டளைகளையும் அதே நாடாவில் எழுதி விடலாம்.

தையல் எந்திரம் துணி தைக்கும். மாவு எந்திரம் மாவு அரைக்கும். டூரிங் சொன்ன எந்திரமோ, கட்டளையை மாற்றினால் வேறு வேலையைச் செய்யும்! அந்தக் கட்டளைகளைத்தான் இன்று புரோகிராம் என்கிறோம்.

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பவர்கள் நடத்தும் கண்காட்சிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1982-ம் ஆண்டு விற்பனைக்கு வந்த கமோடர் 64, இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் ஆகியவை அங்கே இருக்கும். 1984-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் இந்தியப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவும் இந்த வகைதான்.

அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கும் கேசட்டில்தான் புரோகிராம் இருக்கும். டேப் ஓடி முடியும் வரை காத்திருக்க வேண்டும். இன்று ஆர்வலர்கள் விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டை அதில் பொருத்துகிறார்கள். 40 வயதான எந்திரம் புதிய விளையாட்டைக் காட்டுகிறது. கட்டளை எதில் இருந்து வந்தால் என்ன? எந்திரம் வேலை செய்யும். இதுதான் டூரிங் சொன்ன தத்துவம்.

நாட்டைக் காத்தவருக்குத் தண்டனை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, எனிக்மா என்ற எந்திரத்தால் ரகசியச் செய்திகளை அனுப்பியது. அந்த ரகசியத்தை உடைக்கும் வழியை போலந்து நாட்டுக் கணித நிபுணர்கள் முதலில் கண்டார்கள். டூரிங் அதற்கு மேலும் முன்னேறி, புதிய எந்திரம் ஒன்றை வடிவமைத்தார். கடலுக்கடியில் பதுங்கும் ஜெர்மானியக் கப்பல்களின் செய்திகளையும் அவரது குழு படித்தது. இங்கிலாந்துக்கு உணவு ஏற்றி வந்த பல கப்பல்கள் தப்பின.

இந்தச் சேவை ரகசியமாக இருந்ததால் மக்களுக்குத் தெரியாது.

1952-ம் ஆண்டு டூரிங் மீது வழக்கு வந்தது. அவர் இன்னொரு ஆணுடன் உறவு கொண்டார் என்பதே குற்றச்சாட்டு. அன்றைய சட்டத்தில் அது குற்றம். சிறைக்குப் போவதற்குப் பதிலாக, ஓராண்டு ஹார்மோன் மருந்து ஏற்க அவர் சம்மதித்தார். ரகசியத் துறையின் கதவும் மூடப்பட்டது.

1954-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி டூரிங் விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. தாயார் எதெல் அதை நம்பவில்லை. ரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே கருதினார். மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1959-ம் ஆண்டு வெளியிட்டார்.

2009-ம் ஆண்டு இங்கிலாந்து அரசு, டூரிங்கை நடத்திய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டது. 2013-ம் ஆண்டு ராணி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். 2021-ம் ஆண்டு, அவரது பிறந்த நாளன்று, அவர் படம் போட்ட 50 பவுன் நோட்டு வெளியானது. இந்தியாவிலும் 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்தவர்களின் சம்மதத்துடன் கூடிய இத்தகைய உறவு குற்றம் அல்ல என்று தீர்ப்பளித்தது.

மன்னிப்பு வந்தபோது, அதைக் கேட்க மகனும் இல்லை. போத்தனூரில் பிறந்த தாயும் இல்லை.