வான்வெளியின் வானொலியைக் கேட்டவர்

தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடி நாள்தோறும் செல்வோர் பலர். அந்நகரின் இராமன் ஆராய்ச்சி நிலையத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்திய வெங்கட்ராமன் இராதாகிருஷ்ணனை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே. சர் சி.வி. இராமனின் இளைய மகனான இவர் 1929 மே 18ஆம் நாள் சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் பிறந்தார்.

நோபல் பரிசு பெற்றவரின் மகனாகப் பிறத்தல் பேறு. அதுவே சுமையும் ஆகும். 1950இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சிறப்புப் பட்டம் பெற்றவர், அதற்குமேல் பயின்று முனைவர் பட்டம் பெறவில்லை. (எம்.ஃபில். பட்டத்திற்கே ஆண்டுக்கணக்கில் அலைந்த நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்கிறது.) சுவீடன் சென்று, வானிலிருந்து வரும் வானொலி அலைகளை வாங்கும் கருவிகளைத் தம் கையாலேயே அமைக்கப் பழகினார். பின்னர்க் கலிபோர்னியாவில், வியாழனைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தை அதன் வானொலி அலைகளைக் கொண்டே உடன்பணியாளருடன் கண்டு காட்டினார். 1965இல் ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரப் படகில் போய்ச் சேர்ந்தார். படகின் பெயர் சிக்னஸ் ஏ. வானில் வானொலி அலைகளை மிகுதியாக வீசும் ஓர் அண்டத்தின் பெயர் அது!

அங்கே பார்க்சு நகர்ப்புறத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருந்தது. விண்மீன்களுக்கிடையே பரந்துள்ள ஹைட்ரஜன் 21 செ.மீ. நீளமுள்ள அலையை வெளியிடும். குளிர்ந்த முகிலாயின், தனக்கு அப்பாலிருந்து வரும் அதே அலையை விழுங்கும். விளக்கொளி மங்குவதைக் கண்டு இடையில் நிற்கும் புகையை உணர்வதுபோல, விழுங்கப்பட்ட அளவைக் கொண்டு முகில்களின் குளிர்ச்சியை அவரும் உடனிருந்தோரும் கணித்தனர்.

தந்தையார் 1970இல் மறைந்தார். அரசுப் பணம் வேண்டாமென்று அவர் தனித்து நடத்திய நிலையம் 1972இல் அரசு உதவி பெறலாயிற்று. அவ்வாண்டே மகன் பொறுப்பேற்றார். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துடன் இணைந்து, ஆயிரம் அலைவாங்கிகளை நிலத்தில் நிரல்பட நட்டனர். கிழக்கு மேற்காக அவ்வரிசை ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் நீளும். 34.5 மெகாஹெர்ட்சில், அதாவது ஏறக்குறைய 9 மீட்டர் நீள அலையில், வானின் பெரும்பகுதியை அது வரைந்தது. 1990இல் வெளிவந்த அவ்வரைபடக் கட்டுரையில் அந்நிலையத்தின் துவாரகநாத், உதய சங்கர் ஆகிய இருவர் பெயர்களே உள்ளன. தலைவர் பெயர் இல்லை.

1994இல் பொறுப்பைத் துறந்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் 1996இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2011 மார்ச் 3ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.