முதுகெலும்பில் நோயைத் தேடியவர்

டேனியல் டேவிட் பாமர் 1845-ஆம் ஆண்டு கனடா நாட்டில், டொரான்டோ நகருக்கு அருகே பிறந்தார். இருபதாம் வயதில் அமெரிக்கா சென்றார். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பவர், மளிகைக் கடைக்காரர் எனப் பல தொழில்கள் பார்த்தார். பின்னர் காந்த சிகிச்சையில் இறங்கினார்.

1895-இல் டாவன்போர்ட் நகரில் ஹார்வி லில்லார்டு என்னும் துப்புரவுப் பணியாளர் அவரிடம் வந்தார். பல்லாண்டுகளாகச் செவி மந்தமானவர். பாமர் அவர் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்தார். காது கேட்டதாக அறிவித்தார். எலும்பு விலகி நரம்பை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார். கைரோபிராக்டிக் பிறந்தது. 1897-இல் அதற்கெனப் பள்ளி கண்டார். உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காக 1906-இல் சிறை புகுந்தார். பள்ளி மகன் கைக்குப் போயிற்று. 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார்.

செவி நரம்போ மண்டையோட்டுக்குள்ளேயே மூளையை அடைகிறது. முதுகெலும்பின் வழியே செல்வதன்று. இம்முறை இடுப்பு வலிக்கு ஓரளவு உதவலாம். மற்ற நோய்களைத் தீர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. கழுத்தைத் திருப்புவதில் அரிதாகப் பேராபத்தும் உண்டு.

துன்புற்றோர்க்கு உதவ விரும்பினார் பாமர். ஆனால் ஒருவர் நலத்தைக் கண்டு உலகுக்கே விதி வகுத்துவிட்டார். நாளை மருத்துவராகப் போகும் நண்பர்களே, ஆர்வம் வேறு, ஆதாரம் வேறு என்பதை மறவாதிருப்போம்.