மூன்று கோடு போட்ட ஷூஹார்ட்

1924-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில், ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற அதிகாரியின் மேஜைக்கு ஒரு குறிப்பு வந்தது. ஒரே பக்கம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒரு படம் பிடித்துக்கொண்டது. படத்தில் குறுக்கே கோடுகள். அவற்றின் இடையே மேலும் கீழுமாகப் புள்ளிகள்.

குறிப்பை எழுதியவர் எட்வர்ட்ஸின் கீழ் வேலை பார்த்த வால்ட்டர் ஷூஹார்ட். அப்போது அவருக்கு வயது 33. இன்று பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சாப்ட்வேர் எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகள், தங்கள் குழுவின் வேலை வேகத்தைக் காட்டும் வரைபடத்தைத் திரையில் பார்க்கிறார்கள். அந்த வரைபடத்தின் பூர்வீகம் இந்த ஒற்றைக் காகிதம்தான்.

பௌதிகம் படித்தவர்

ஷூஹார்ட் 1891-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி இல்லினாய் மாநிலத்தில் நியூ கேன்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின், 1917-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். மறு ஆண்டே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் என்ஜினீயராகச் சேர்ந்தார். கல்லூரி ஆசிரியராகப் போயிருக்க வேண்டியவர் என்று நினைக்கத் தோன்றும். அவருடைய சுபாவமும் அப்படித்தான். அமைதியானவர், ஆரவாரம் அறியாதவர்.

அந்தக் கம்பெனியின் பெரிய ஆலை சிகாகோவை அடுத்த ஹாதார்னில் இருந்தது. பல்லாயிரம் பேர் வேலை செய்த இடம். அங்கே தரம் என்றால், செய்து முடித்த சாமான்களைப் பரிசோதித்து, தேறாதவற்றைத் தூக்கி எறிவது என்றுதான் பொருள். தொலைபேசிச் சாதனங்களில் சில மண்ணுக்கு அடியில் புதைக்கப்படுபவை. அவை பழுதானால் தோண்டி எடுத்துச் சரிசெய்யச் செலவு ஏராளம். ஆகவே கம்பெனிக்குத் தரத்தின் மீது அக்கறை மிகுதி. அந்த அக்கறையே அதற்கு வினையாகவும் முடிந்தது.

எப்படி? ஒரு சாமான் அளவில் சற்றுப் பிசகினால், உடனே எந்திரத்தைத் திருகுவார்கள். அடுத்தது மறுபக்கம் பிசகும். மீண்டும் திருகுவார்கள். சரிசெய்யச் சரிசெய்ய வேறுபாடு குறைவதற்குப் பதில் வளர்ந்தது.

இரண்டு வகைக் காரணம்

இந்தச் சிக்கலின் முடிச்சைத்தான் ஷூஹார்ட் அவிழ்த்தார். வீட்டில் தோசை வார்ப்பதைப் பாருங்கள். அதே மாவு, அதே கல், அதே கை. ஆனாலும் இரண்டு தோசைகள் ஒரே அளவாக இருப்பதில்லை. அதற்குத் தனிக்காரணம் தேடினால் கிடைக்காது. சின்னச் சின்னக் காரணங்கள் பல சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனால் ஒருநாள் தோசை எல்லாமே கல்லில் ஒட்டிக்கொண்டால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது, தேடினால் அகப்படும்.

முதல் வகையைத் தற்செயல் காரணம் என்றும், இரண்டாவதைக் கண்டறியத்தக்க காரணம் என்றும் அவர் பிரித்தார். இரண்டையும் பிரித்துக் காட்டவே கோடுகள். நடுவில் சராசரி, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. புள்ளி எல்லைக்குள் முறையின்றி அலைந்தால் தனிக்காரணம் தேடி யாரையும் துரத்தாதே. எல்லையைத் தாண்டினால் உடனே தேடு.

எல்லையை எங்கே போடுவது என்பதில் அவர் காட்டிய விவேகம் பெரிது. மிக நெருக்கிப் போட்டால் வீண் அலைச்சல். மிகத் தள்ளிப் போட்டால் உண்மையான கோளாறு கண்ணில் படாது. இரண்டு நஷ்டங்களையும் எடைபோட்டு, புள்ளிகள் இயல்பாகச் சிதறும் அளவைப் போல மூன்று மடங்கு தூரத்தில் எல்லையை வைத்தார். காகிதக் கணக்கோடும் அவர் திருப்தி அடையவில்லை. எண் எழுதிய சில்லுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, நான்கு நான்காக ஆயிரம் தடவை எடுத்து, தம் விதி நிற்கிறதா என்று சோதித்தார். டாக்டர் பட்டம் பெற்றவர் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

1925-ல் பெல் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியபோது அங்கே மாறினார். 1956-ல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். 1931-ல் தம் முறையை விளக்கிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அது படிக்கக் கடினமான நூல். அவருடைய கருத்து பரவத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். நல்லவேளையாக எட்வர்ட்ஸ் டெமிங் என்ற இளைஞர் அவரை நாடி வந்தார். 1938-ல் வாஷிங்டனில் ஷூஹார்ட் ஆற்றிய சொற்பொழிவுகளை மறு ஆண்டு நூலாகப் பதிப்பித்துக் கொடுத்தவர் அவரே. உலகப் போரின்போது அமெரிக்க ஆயுத ஆலைகள் இந்த முறையைக் கற்றன. 1950-ல் டெமிங் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஜப்பான் சாமான் என்றால் மட்டம் என்றிருந்த பேச்சு பிறகு எப்படி மாறியது என்பது ஊர் அறிந்த கதை.

இந்தியா வந்தார்

ஜப்பானுக்கு முன்பே இந்தியாவுக்கு இந்தச் செய்தி வந்தது என்பதைப் பலர் அறியார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பின் பேரில், சுதந்திரம் கிடைத்த கையோடு, 1947-48-ல் ஷூஹார்ட் இங்கே வந்தார். தொழில்துறையினரைச் சந்தித்துத் தம் முறையை எடுத்துச் சொன்னார். 1950-களில் அந்த நிறுவனம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளை அமைத்தபோது பெங்களூரிலும் ஒன்று அமைந்தது. ஐ.டி.ஐ., எச்.எம்.டி. ஆலைகள் இந்நகரில் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றில் வேலைக்கு வந்து இங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. பின்னர் அந்த நிறுவனம் ஷூஹார்ட்டுக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் அளித்தது.

1967-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, 76 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில் அவர் காலமானார். சாப்ட்வேர் வேலைகள் காலம் கடந்து, செலவு மீறி, பிழையோடு வருகின்றன என்று நிபுணர்கள் ஜெர்மனியில் கூடிக் கவலைப்பட்டது 1968 அக்டோபரில். தம் கோடுகள் அந்தத் தொழிலுக்கும் போகும் என்பதைக் காண அவர் இல்லை.

சாப்ட்வேருக்குப் போன கோடு

கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் வாட்ஸ் ஹம்ப்ரி. ஐ.பி.எம். கம்பெனியில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1986-ல் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள சாப்ட்வேர் என்ஜினீயரிங் நிறுவனத்துக்கு வந்தார். ஷூஹார்ட், டெமிங் வழியில் நின்று, சாப்ட்வேர் கம்பெனிகளின் முதிர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். நான்காம் படிக்கு ஏற வேண்டுமானால் வேலையை எண்ணால் அளந்து, புள்ளியியல் முறையில் ஆள வேண்டும். ஐந்தாம் படியை உலகில் முதலில் எட்டியவர்கள் விண்வெளி ஓடத்துக்கு சாப்ட்வேர் எழுதிய ஹூஸ்டன் குழுவினர். 1990-களின் முற்பாதியில் பெங்களூரில் இருந்த மோட்டரோலா பிரிவும் அந்தப் படியில் ஏறியது. பிறகு இந்தியக் கம்பெனிகள் வரிசையாக ஏறின.

இந்த அளவு எப்படி உதவும்? ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். வாடிக்கையாளர் சொல்லும் பிழைகளைத் திருத்துவது அவர்கள் வேலை. அடுத்தடுத்து பத்துத் திருத்தங்கள் முடிய 4, 6, 5, 7, 3, 6, 5, 8, 4, 6 நாட்கள் ஆயின. சராசரி 5.4 நாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசங்களின் சராசரி ஏறத்தாழ 2.4. இதை 2.66-ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டுவது வழக்கமான கணக்கு. மேல் எல்லை சுமார் 12 நாள் என்று வருகிறது.

எட்டு நாள் எடுத்தவரை மேலாளர் அறைக்குள் அழைத்துக் கேள்வி கேட்பது, மூன்று நாளில் முடித்தவருக்குப் பாராட்டுக் கடிதம் தருவது, இரண்டுமே ஹாதார்னில் எந்திரத்தைத் திருகியது போலத்தான். எட்டும் மூன்றும் ஒரே ஏற்பாட்டின் விளைவுகள். ஆனால் அடுத்த திருத்தத்துக்கு 16 நாள் ஆகிவிட்டால் விசாரிக்க வேண்டும். சோதனைக் கம்ப்யூட்டர் கெட்டிருக்கலாம். விவரம் தெரிந்தவர் விடுப்பில் போயிருக்கலாம்.

வாடிக்கையாளர் எந்தத் திருத்தமும் ஐந்து நாளைத் தாண்டக்கூடாது என்கிறாரா? அப்போது விரட்டிப் பயனில்லை. இந்த ஏற்பாடு 12 நாள் வரை போகும் என்று கோடே சொல்லிவிட்டது. அனுமதிக்காகக் காத்திருக்கும் நாட்கள், சோதிப்பவர் கைக்கு வரும் வரை கிடப்பில் கிடக்கும் நாட்கள், ஒரே சமயத்தில் ஒருவர் தலையில் விழும் வேலைகள், இவற்றைத்தான் குறைக்க வேண்டும். அதைச் செய்ய அதிகாரம் உள்ளவர் மேலாளரே, ஊழியர் அல்ல.

சாப்ட்வேர் தொலைபேசிப் பெட்டி அல்ல என்று இம்முறையை மறுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு வேலையும் புதிது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. சிறு பிழைத் திருத்தத்தையும் ஆறு மாதத் திட்டத்தையும் ஒரே படத்தில் போட்டால் எல்லைகள் அகன்று ஒன்றுக்கும் உதவாமல் போகும். அளவுகளை அறிவோடு வகைபிரித்துச் சேர்க்க வேண்டும் என்று ஷூஹார்ட் 1931-லேயே வற்புறுத்தியிருக்கிறார். சான்றிதழுக்காகப் படம் வரைகிற கம்பெனிகள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை போலும். ஊழியரின் சம்பள உயர்வை இந்தப் புள்ளிகளோடு முடிச்சுப் போடுகிற இடத்தில் இன்னொரு கூத்தும் நடக்கும். முடியாத வேலை முடிந்ததாகப் பதிவாகும்; மறுநாள் அதே வேலை புது எண்ணில் திறக்கப்படும். புள்ளிகள் எல்லைக்குள் அழகாக நிற்கும். வாடிக்கையாளர் மட்டும் முன்போலவே காத்திருப்பார்.