கோபுர வாசலில் நிறுத்தப்பட்ட வீரன்

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றுக்கு மதுரைவீரன் குலதெய்வம். முறுக்கிய மீசையும் ஓங்கிய வாளுமாக, பொம்மி, வெள்ளையம்மாள் இருவருக்கும் நடுவே நிற்கும் அவர் வானத்திலிருந்து இறங்கியவர் அல்லர். அரசாணையால் வெட்டுண்ட மனிதர். தமிழகத்தில் மனிதர்கள் தெய்வமான கதைகளில் பெரும்பாலானவை இப்படிக் கொலையில்தான் தொடங்குகின்றன.

நமக்குக் கிடைக்கும் வாழ்க்கை வரலாறு கதைப்பாடல் தருவது. பொம்மண நாயக்கரின் பாளையத்தில் செருப்புத் தைத்தும் காவல் காத்தும் பிழைத்த சின்னானின் வீட்டில் வீரன் வளர்ந்தார். பூப்பெய்திய பாளையக்காரர் மகள் பொம்மி தனிக்குடிசையில் வைக்கப்பட்டபோது, மழையிரவொன்றில் தந்தைக்குப் பதிலாகக் காவலுக்குப் போனார். இருவரும் காதலித்து ஊரைவிட்டு வெளியேறினர். துரத்தி வந்த பாளையக்காரர் சண்டையில் மாண்டார். இன்று ஆணவக்கொலை என்று நாம் எழுதும் செய்திகளிலிருந்து அக்கதை ஓரிடத்தில் மட்டுமே வேறுபடுகிறது: அன்று பிழைத்தவர்கள் காதலர்கள்.

பின்னர் திருச்சி அரசில் படைப்பணி. அங்கிருந்து அழகர்மலைக் கள்ளர்களை அடக்க மதுரைக்கு அனுப்பப்பட்டு, அதிலும் வென்றார். வாள் வேண்டியிருந்தவரை அரண்மனை அவரது சாதியைக் கேட்கவில்லை. அரண்மனை நடனப்பெண் வெள்ளையம்மாளுடன் அவர் கொண்ட உறவு தெரிந்ததும் நிலைமை மாறியது. திருமலை நாயக்கரின் ஆணைப்படி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டார். பிறகு மன்னர் வருந்தியதாகவும், மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் அவருக்கு இடம் தரப்பட்டதாகவும் கதை முடிகிறது.

இக்கதையில் காலக்குழப்பம் உண்டு. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. திருச்சி மன்னராகச் சொல்லப்படும் விசயரங்க சொக்கநாதர் 18ஆம் நூற்றாண்டினர். அதைப் பாடகர்களின் மறதி என்று விட்டுவிடலாம். பிறப்புக் கதையை அப்படி விட முடியாது. வீரன் காசி மன்னரின் மகனாம். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டாராம். சின்னான் எடுத்து வளர்த்தாராம். பாளையக்காரர் மகளை மணந்தவர், பெருங்கோயில் வாசலில் தெய்வமாக நிற்பவர் சின்னானின் சொந்த மகனாக இருப்பதைச் சகிக்க இயலாத எவரோ பின்னாளில் ஒட்டவைத்த பகுதியாகவே அதை அருந்ததியர் எழுத்தாளர்கள் வாசிக்கின்றனர். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. காசியை நீக்கிவிட்டுப் படித்தால் கதையின் ஒரு நிகழ்ச்சியும் தடைபடுவதில்லை. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' திரைப்படமும் அரச பிறப்பையே தக்கவைத்துக்கொண்டது.

தெய்வமான பிறகும் அவருக்குக் கிடைத்த இடம் வாசல்தான்; அங்கும் காவல் வேலைதான். அவரை வணங்கிய உறவினர்களுக்கோ கோபுரத்தைத் தாண்டி உள்ளே வழியில்லை. நாடார்களுக்கும் அதே நிலை இருந்தது. கோயில் நுழைவுப் பூசலே 1899இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் சிலரும் விருதுநகர் நாடார் ஒருவரும் வைத்தியநாத ஐயருடன் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தனர். கதைப்பாடல் சொல்லும் காலத்தை ஏற்றுக்கொண்டால், அந்த நாளுக்காக வீரன் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வாசலில் நின்றிருக்கிறார்.