மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலி: பொதுமக்கள் காணாத விசாரணையும் எஞ்சிய புகைப்படமும்

சாத்தம் (அந்தமான்): சாத்தம் படகுத்துறையிலிருந்து பாம்பூ பிளாட் செல்லும் படகில் ஏறுவோருக்கு, எதிர்க்கரையில் ஹாரியட் மலை கண்ணில் படும். அதன் அடிவாரத்தில் உள்ளது ஹோப்டவுன். 1872 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் தேதி மாலை, அங்கிருந்த படகுத்துறையில்தான் இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பதவியில் இருக்கும்போது கொலையுண்ட ஒரே வைஸ்ராய் அவரே.

கொன்றவர் ஷேர் அலி அஃப்ரிதி என்ற ஆயுள் கைதி. பேரரசு முழுவதும் அவர் செயல் பேசப்பட்டது. ஆயினும் அவர் மீதான விசாரணையைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலர். அவ்வழக்கிலிருந்து மக்கள் பார்வைக்கு எஞ்சியது ஒரு முகம் மட்டுமே.

அரசுப் பணியிலிருந்து தீவுச் சிறைக்கு:

கைபர் கணவாயை ஒட்டிய திரா பகுதியைச் சேர்ந்த ஷேர் அலி, பஞ்சாப் குதிரைப் போலீஸில் பணியாற்றியவர். பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரிகளிடம் நம்பிக்கைக்குரிய ஊழியராக இருந்து நற்சான்றும் பெற்றார். குடும்பப் பகையில் உறவினர் ஒருவரைக் கொன்றதாக 1867 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

பகை தீர்ப்பதை அவருடைய குலமரபு குற்றமாகக் கருதவில்லை. ஆங்கிலேயச் சட்டமோ அதைக் கொலையாகவே கண்டது. தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக உறுதியாக நம்பிய அவர், 1869 இல் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டார். நன்னடத்தை காரணமாகச் சில சலுகைகள் கிடைத்தன. ஹோப்டவுனில் சக கைதிகளுக்கு முடிதிருத்தும் பணி அவருக்கு ஒதுக்கப்பட்டது.

அந்தி வேளையில் நிகழ்ந்த கொலை:

கைதிகள் குடியேற்றத்தின் நிர்வாகத்தைச் சீரமைக்க விரும்பிய மேயோ பிரபு, அதை நேரில் காண வந்திருந்தார். பகலில் ராஸ், வைப்பர், சாத்தம் தீவுகளைப் பலத்த காவலுடன் பார்வையிட்டார். மாலையில் ஹாரியட் மலை உச்சிக்குச் சென்று சூரியன் மறைவதைக் கண்டு திரும்பினார். இரவு 7 மணியளவில், தீவட்டி வெளிச்சத்தில் படகை நோக்கி நடந்தபோது, இருளிலிருந்து பாய்ந்த ஷேர் அலி பின்னாலிருந்து இரு முறை குத்தினார். கப்பலுக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே வைஸ்ராயின் உயிர் பிரிந்தது. ஷேர் அலி அங்கேயே பிடிபட்டார்.

தீவுக்குள் முடிந்த வழக்கு:

அன்றிரவு அதிகாரிகள் கேட்டபோது, கடவுளின் ஆணைப்படியே செய்ததாகவும், மனிதர்களில் கூட்டாளி எவரும் இல்லை என்றும் அவர் கூறினார். தாமதமின்றி விசாரணை நடந்தது. நீதிபதியாக அமர்ந்தவர் போர்ட் பிளேர் கண்காணிப்பாளர் ஸ்டூவர்ட். வைஸ்ராயின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே. தாக்குதலுக்குச் சற்று முன்புவரை மேயோ பிரபுவுடன் நடந்து வந்தவரும் அவரே. இன்றைய நீதிமுறையில் அத்தகையவர் அவ்வழக்கை விசாரிக்க இயலாது. அவர் விதித்த மரண தண்டனையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1872 மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார். கொலைக்கும் தூக்குக்கும் இடையே ஒரு மாதமே கழிந்திருந்தது.

அக்காலத்தில் அந்தமானுக்குத் தந்தி வசதி இல்லை. எந்தச் செய்தியும் கப்பலேறியே கல்கத்தாவை அடைய வேண்டும். சாட்சியங்களை நேரில் கேட்டு அன்றாடம் எழுத இயலாத நிலையில், ஊகம் வளர்ந்தது. அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் கல்கத்தாவில் தற்காலிகத் தலைமை நீதிபதி நார்மன் கொலையுண்டிருந்தார். இரண்டு கொலைகளையும் இணைத்து, வஹாபி இயக்கத்தின் சதி என்ற ஐயம் பரவியது. ஷேர் அலிக்குப் பின்னால் ஒரு சதி இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை.

புகைப்படம் நுழைந்தது:

செய்தியாளர் எட்டாத இடத்தைப் புகைப்படக் கருவி எட்டியது. விலங்கிடப்பட்ட நிலையில் ஷேர் அலி படமெடுக்கப்பட்டார். வைஸ்ராயைக் கொன்றவராகப் படமெடுக்கப்படுவதில் அவர் குழந்தைத்தனமான பெருமிதம் கொண்டிருந்ததாக, மேயோ பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் குறிப்பிடுகிறார். அது குற்றவாளியை வெறுத்த ஒருவரின் பார்வை. கைதி தம் நிலையை எப்படி உணர்ந்தார் என்பதைப் படம் சொல்வதில்லை.

அதே ஹண்டர் 1875 இல் வெளிவந்த தம் நூலில், கொலையாளியின் பெயரையோ ஊரையோ குலத்தையோ பதிவு செய்யப் போவதில்லை என வெளிப்படையாக அறிவித்தார். புகழ் தேடிக் கொன்றவருக்குப் புகழ் தரக்கூடாது என்ற எண்ணத்தை அதில் காணலாம். கொடுங்குற்றம் புரிந்தவரின் பெயரை ஊடகங்கள் ஓயாமல் உச்சரிக்கலாமா என இன்று எழும் கேள்வியின் பழைய வடிவம் அது. ஆனால் பெயரை மறைத்ததால் மறதி வரவில்லை. முகம் அறியப்பட்டது, ஒரு முழு மனிதரை அவருடைய குற்றத்துக்கு இட்டுச் சென்ற பாதையே மங்கியது.

அதே நீதிமன்றம், வேறு காலம்:

அந்தமான் நிகோபார் தீவுகள் இன்றும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார வரம்பில்தான் உள்ளன. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையில் ஒளிபரப்பலாம் என உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் முதல் அதன் அரசியல் சாசன அமர்வுகளை மக்கள் இணையத்தில் காண முடிகிறது. குற்ற வழக்குகளின் சாட்சி விசாரணைக்குள் கேமராவை எவ்வளவு அனுமதிப்பது என்பதில் தயக்கம் தொடர்கிறது. சாட்சிகளின் பாதுகாப்பும் குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணியமும் அதற்கான காரணங்கள்.

ஷேர் அலியின் குற்றத்தில் ஐயத்துக்கு இடமில்லை. பலர் முன்னிலையில் கொன்றார், ஒப்புக்கொண்டார். ஆயினும் அவருக்கு வழங்கப்பட்ட நீதி எத்தகையது என்பதை எடைபோட, விலங்குடன் நிற்கும் ஒரு படம் போதாது. அதற்கு விசாரணையைக் கண்ட பொதுமக்களின் கண்கள் தேவைப்பட்டன. 1872 இல் அந்தத் தீவில் அவை இல்லை.