பட்டுப்பூச்சியைக் காத்த பாஸ்டர்

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டரை உங்களுக்குத் தெரியும். ஒரு சிறிய பூச்சிக்காக அவர் ஐந்து ஆண்டுகள் பாடுபட்ட கதை தெரியுமா?

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டின் டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தார். மகன் வேதியியல் படித்துப் பேராசிரியர் ஆனார்.

1865-இல் தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அவற்றின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள்! பட்டை நம்பிய குடும்பங்கள் தவித்தன. காரணத்தைக் கண்டறிய, பாஸ்டரை அங்கே அனுப்பினார் அவருடைய ஆசிரியர் டூமா.

பாஸ்டரோ அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டதே இல்லை. பூச்சி அறிஞர் ஃபாப்ரைத் தேடிப் போனார். பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தார். அங்கிருந்துதான் பாடம் தொடங்கியது.

நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிறிய வெள்ளை நிறப் பூச்சி இது. இறக்கை விரித்தால் சுமார் 4 செ.மீ. இருக்கும், ஆனால் பறக்காது. காட்டில் வாழாது, மனிதர் வளர்க்கும் தட்டுகளே அதன் வீடு. பெண் பூச்சி 300 முதல் 500 முட்டைகள் இடும். பொரித்து வரும் புழு மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, ஒரே நூலால் கூடு கட்டும். அதற்குள் கூட்டுப்புழுவாகி, பூச்சியாக வெளிவரும். பூச்சி எதையும் உண்ணாது. முட்டையிட்டுச் சில நாட்களில் இறந்துவிடும்.

அந்த ஓராண்டுக்குள் பாஸ்டர் தந்தையையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்தார். ஆனாலும் நுண்ணோக்கியை விட்டு விலகவில்லை. இது கிருமியால் வருவதல்ல என்று முதலில் எண்ணினார். சோதனைகள் வேறு விதமாகக் காட்டியதும் தம் தவறைத் திருத்திக்கொண்டார். நோய் தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டைக்கும் செல்கிறது என்று உணர்ந்தார்.

அவர் சொன்ன வழி எளிது. ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்ய வேண்டும். பிறகு அந்தப் பூச்சியை நீர்விட்டு அரைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கிருமி தெரிந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். அவ்வளவுதான்!

1868-இல் பக்கவாதம் வந்து பாஸ்டரின் இடப்பக்கம் செயலிழந்தது. படுக்கையிலிருந்தே ஆய்வுக் குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்தார். 1870-இல் அவருடைய பட்டுப்புழு நோய் நூல் வெளியானது. 1885-இல் வெறிநாய்க்கடித் தடுப்பூசியால் ஒரு சிறுவனைக் காத்தார். 1895 செப்டம்பர் 28-ஆம் தேதி மறைந்தார்.

நம் நாட்டுப் பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றும் தாய்ப் பூச்சியைச் சோதிக்கிறார்கள். தெரியாததைக் கேட்டுக் கற்பதில் வெட்கமே வேண்டாம், குழந்தைகளே! அப்படிக் கற்றவர்தான் பாஸ்டர்.