டிசேபிள்ட் பட்டனும் ஒரு மதுரைக்காரரும்

தி.நகர் துணிக்கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்றீங்கன்னு வெச்சுக்கோங்க. சைஸ் தேர்ந்தெடுத்திருக்கணும், ஸ்டாக்கும் இருக்கணும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் 'வாங்கு' பட்டன் அமுங்கணும். ரியாக்ட்டில் டிசேபிள்ட் ஆட்ரிபியூட்டுக்கு என்ன கண்டிஷன் கொடுப்பீங்க? சைஸ் இல்லை, அண்ட், ஸ்டாக் இல்லைன்னு எழுதினா போச்சு. சைஸைத் தொட்டதுமே பட்டன் உயிர் பெற்று, ஸ்டாக் இல்லாத சட்டையையும் விற்றுவிடும். மறுக்கும்போது அண்ட், ஆர் ஆக மாறணும்: சைஸ் இல்லை, அல்லது ஸ்டாக் இல்லை. (வெறும் எச்டிஎம்எல்லில் இன்னொரு வம்பு: டிசேபிள்ட் என்ற சொல் இருந்தாலே போதும், அதற்கு ஃபால்ஸ்னு மதிப்பு கொடுத்தாலும் பட்டன் செத்துத்தான் கிடக்கும். ரியாக்ட்டில் ஃபால்ஸ் கொடுத்தா ஆட்ரிபியூட்டையே தூக்கிடும்.)

இந்த அண்ட்-ஆர் மாற்றம்தான் டி மார்கன் விதி. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பருக்காக மனப்பாடம் செஞ்சிருப்பீங்க. அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது நம்ம மதுரையில்னு தெரியுமா?

1806 ஜூன் 27. வேலூர்ப் புரட்சிக்குப் பதிமூன்றே நாள் முன்பு. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. குழந்தைக்குச் சீக்கிரமே ஒரு கண்ணில் பார்வை போனது. ஏழு மாதத்தில் கப்பலேறி இங்கிலாந்து போனவர் பிறகு இந்தியா வரவே இல்லை.

1827-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம். மேலே எம்.ஏ., ஃபெல்லோஷிப் என்று போக, இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்கிறேன்னு கையெழுத்துப் போடணும். மாட்டேன்னுட்டார். திறமை ட்ரூ, கையெழுத்து ஃபால்ஸ். நடுவில் அண்ட். கதவு டிசேபிள்ட்.

அடுத்த வருஷமே, மதத்தைக் கேட்காத புதிய லண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். வயசு 21! சக பேராசிரியர் ஒருவரை நியாயமில்லாமல் நீக்கினாங்கன்னு 1831-இல் ராஜினாமா, 1836-இல் திரும்பினார். 1847-இல் 'ஃபார்மல் லாஜிக்' நூல் வந்தது. ஜார்ஜ் பூலின் முதல் தர்க்க நூலும் அதே வருஷம். அண்ட்-ஆர் விஷயத்தை இடைக்கால அறிஞர்கள் வார்த்தையில் சொல்லியிருந்தாங்க. கணிதக் குறியீட்டு உலகத்துக்குள் கொண்டுவந்தவர் என்பதால் பெயர் இவருக்கு. ஏடா லவ்லேஸுக்குக் கடிதம் வழியே கணிதம் கற்றுக்கொடுத்தவரும் இவரே. டெல்லி ஆசிரியர் ராமச்சந்திராவின் கணித நூலை 1859-இல் லண்டனில் மறுபதிப்பாகக் கொண்டுவர முன்நின்றதும் இவர்தான். எனக்கு இவர் விதியை விட இது பெரிசாத் தோணுது.

1866-இல் அவருடைய கல்லூரியே ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவரை மத நிலைப்பாட்டைக் காரணமாக்கி ஒதுக்கியது. டி மார்கன் மறுபடி ராஜினாமா. அறுபது வயசு, முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த இடம். திரும்பிப் போகவே இல்லை.

1871 மார்ச் 18-இல் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஜூனில், கேம்பிரிட்ஜ் ஃபெல்லோஷிப்புக்கான மத நிபந்தனையைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டு நீக்கியது.